பதிமூன்று வயதுப் பையனும் பொருளியல் டியூஷனும்

பிளஸ் ஒன்னில் வணிகவியல் குரூப் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கணக்குப்பதிவியலுக்கு முதல் மாதமே டியூஷன் சேர்ந்துவிடுவார்கள். பொருளியலை மட்டும் "அது கதை மாதிரிதானே, நாமே படிச்சுக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். காலாண்டுத் தேர்வுத் தாள் கைக்கு வந்த பிறகுதான் பொருளியலுக்கும் ஒரு சாரைத் தேடி ஓட்டம். அப்படிப் போகிற இடத்தில் சிலருக்கு நோட்ஸ் கிடைக்கிறது, சிலருக்குப் பாடம் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள இருநூறு வருடங்கள் பின்னால் போனால் போதும். பொருளியல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே டியூஷனில் நுழைந்துவிட்ட பாடம்.

ஒரு மதிப்பெண் வினாவில் 'பொருளியலின் தந்தை' என்று வரும் ஆடம் ஸ்மித்தே ஒரு டியூஷன் வாத்தியார்தான். 1764இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, பக்ளூ கோமகன் என்ற பதினேழு வயது இளைஞனுக்கு ஆசிரியராகப் பிரான்சுக்குப் போனார். ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் என்பது பேச்சு. பேராசிரியர் சம்பாத்தியத்தை விட அது பெரிய இடம். கிளம்பும்போது, வகுப்பைப் பாதியில் விட்டுப் போகிறோமே என்று மாணவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பையன்கள் வேண்டாம் என்று மறுத்தும் விடாமல் கையில் திணித்தாராம். (இந்தக் காலத்தில் இதை எந்த டியூஷன் சென்டரிலும் எதிர்பார்க்க முடியாது :-))

துலூஸ் நகரில் பொழுது போகாமல் ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்திருப்பதாக நண்பர் டேவிட் ஹியூமுக்குக் கடிதம் எழுதினார் ஸ்மித். அதுதான் 1776இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலின் தொடக்கம் என்பது பலருடைய கருத்து. அந்த நூலில் ஆசிரியர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மாணவர் தரும் கட்டணத்தை நம்பியிருக்கும் ஆசிரியர் ஒழுங்காகப் பாடம் நடத்துவார், நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் சம்பளம் வரும் என்றால் நடத்த மாட்டார் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டும் உதாரணம் ஆக்ஸ்ஃபோர்டு. அவர் படித்த இடம்! அங்கே பேராசிரியர்கள் பாடம் நடத்துவது போல் நடிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று போட்டுத் தாக்குகிறார். டியூஷன் வேண்டுமா வேண்டாமா என்று இன்று நடக்கும் பட்டிமன்றத்துக்கு ஒரு பக்கத்து வக்கீல் அப்போதே தயார்.

ஆனால் ஸ்மித்தின் மாணவர் ஒரு கோமகன். அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு? 1816இல் ஜேன் மார்செட் என்ற பெண்மணி 'அரசியல் பொருளாதார உரையாடல்கள்' என்று ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் பொருளியலுக்கு அரசியல் பொருளாதாரம் என்றுதான் பெயர். நூல் முழுக்க ஓர் ஆசிரியையும் கேரோலின் என்ற மாணவியும் பேசிக்கொள்வதுதான். கேரோலின் தலையாட்டி பொம்மை இல்லை. சந்தேகம் கேட்பாள், எதிர்த்து வாதாடுவாள், தப்பாகப் புரிந்துகொள்வாள். புத்தக விலையில் டியூஷன்! (இவர் வேதியியலுக்கும் இதே பாணியில் ஒரு நூல் எழுதினார். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்த ஒரு பையன் அதைப் படித்துத்தான் வேதியியல் பக்கம் திரும்பினான். அவன் பெயர் மைக்கேல் ஃபாரடே.)

சில வருடங்களில் இது லண்டன் பணக்கார வீடுகளில் ஃபேஷனாகவே ஆகிவிட்டது. 1822இல் எழுத்தாளர் மரியா எட்ஜ்வொர்த் தன் கடிதம் ஒன்றில் இதைக் கிண்டல் செய்திருக்கிறார். பெண் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தர வருகிற ஆசிரியையிடம், பிரெஞ்சு, இசை, நடனம் எல்லாம் போக அரசியல் பொருளாதாரமும் தெரியுமா என்று கேட்கிறார்களாம். தெரியாது, ஆனால் தேவை என்றால் உடனே கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறேன் என்று ஒரு ஆசிரியை பதில் சொன்னாராம். தனக்கே தெரியாததை அடுத்த வாரம் சொல்லித்தரத் தயாராக இருக்கும் ஆசிரியர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள்.

இனிதான் முக்கியமான கதை.

1819, லண்டன். ஜேம்ஸ் மில் என்ற எழுத்தாளர். வீடு நிறையப் பிள்ளைகள், பல வருடங்களாக எழுத்துதான் வருமானம். மூத்தவன் ஜான் ஸ்டூவர்ட் மில், வயது பதிமூன்று. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவன். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று எல்லாம் அப்பாவிடமே. அந்த வருடம் பொருளியல் முறை. அப்பாவின் நெருங்கிய நண்பர் டேவிட் ரிக்கார்டோ இரண்டு வருடம் முன்புதான் தன் பெரிய நூலை வெளியிட்டிருந்தார். ஜேம்ஸ் மில் விடாமல் நச்சரித்திருக்காவிட்டால் அந்த நூலே வந்திருக்காது. ஆனால் அது பெரியவர்களுக்கே பல்லை உடைக்கும் நூல். அதன் கருத்துகளைச் சிறுவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லும் பாடநூல் எதுவும் அப்போது இல்லை.

எனவே அப்பா புத்தகம் இல்லாமலே ஆரம்பித்தார். தினமும் நடைப்பயிற்சி. நடந்துகொண்டே பாடத்தில் ஒரு பகுதியை விளக்குவார். மறுநாள் பையன் அதைத் தன் சொற்களில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அப்பா படிப்பார். தெளிவில்லை என்றால் திரும்ப எழுது. துல்லியம் இல்லையா, திரும்ப எழுது. சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. அது முடிந்த பிறகுதான் ரிக்கார்டோவின் நூல் கைக்கு வந்தது. அதையும் தினமும் படித்துவிட்டு என்ன படித்தோம் என்று சொல்ல வேண்டும். கடைசியாக ஆடம் ஸ்மித். அதைப் படித்தால் மட்டும் போதாது, ரிக்கார்டோவை வைத்துப் பார்த்து ஸ்மித்தின் வாதம் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். யோசித்தால் விடை கிடைக்கும் என்கிற எதையும் அப்பா முன்கூட்டிச் சொன்னதே இல்லை. பையன் முட்டி மோதிப் பார்த்துக் களைத்த பிறகுதான் விளக்கம்.

நம் டியூஷன்களில் சார் நோட்ஸ் கொடுப்பார், மாணவன் எழுதிக்கொள்வான். இங்கே தலைகீழ். மாணவன் நோட்ஸ் எழுதினான், வாத்தியார் வாங்கிக்கொண்டார். நிஜமாகவே வாங்கிக்கொண்டார்! அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் ஜேம்ஸ் மில் 1821இல் 'அரசியல் பொருளாதாரத்தின் அடிப்படைகள்' நூலை எழுதினார். முன்னுரையில் இது ஒரு பள்ளிப் பாடநூல் என்றே சொல்கிறார். ஒரு பையனின் டியூஷன் நோட்டு பொருளியல் பாடநூலான கதை இது.

இதில் ரிக்கார்டோவின் பங்கும் உண்டு. பையன் பொருளியல் படிக்கிறான் என்று தெரிந்ததும் தன் வீட்டுக்கு அழைத்து, தன்னோடு நடக்கச் சொல்லி, பாடத்தைப் பற்றிப் பேசினார். அவர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர், பெரும் பணக்காரர். பாடநூல் எழுதியவரே கூட நடந்து சந்தேகம் தீர்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஒரு நாள் பையன், ஏதோ ஒரு விஷயம் கோட்பாட்டில் சரி, நடைமுறையில்தான் திருத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டான். அப்பாவுக்கு வந்ததே கோபம். 'கோட்பாடு' என்றால் என்ன, வரையறு பார்க்கலாம் என்றார். பையன் திணறினான். பிறகு அவரே பொருள் சொல்லி, அந்தப் பேச்சு எவ்வளவு தவறு என்று காட்டினார். மகன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை, தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இங்கே நம் ஊருக்கும் ஒரு தொடர்பு வருகிறது. அதே 1819இல்தான் ஜேம்ஸ் மில்லுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இந்திய நிலவரி பற்றிய கடிதங்கள் அவர் மேசைக்கு வந்தன. மகனுக்குச் சொல்லிக்கொடுத்த 'வாரம்' பற்றிய ரிக்கார்டோ கோட்பாட்டை அங்கேயும் கையில் எடுத்தார். நிலத்தின் வாரத்தை அரசு எடுத்துக்கொண்டால் விளைபொருளின் விலை ஏறாது, உழைப்புக்கும் முதலுக்கும் நஷ்டம் இல்லை. எனவே இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே வரி வாங்கும் சென்னை மாகாணத்து ரயத்துவாரி முறையே சரி என்பது அவர் கட்சி. ஆனால் வயலில் வாரம் எது, உழவனின் கூலி எது என்று பிரிக்கக் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. உழவனின் பங்கிலும் வரி கை வைத்தது. 'கோட்பாட்டில் சரி' என்று அந்தப் பையன் சொன்னதைச் சென்னை மாகாணத்து உழவர்கள் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஜான் ஸ்டூவர்ட் மில்லை மேதை என்று விட்டுவிடலாம் அல்லவா? அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இயற்கையான திறமையில் தான் சராசரிக்கும் கொஞ்சம் கீழேதான், நடுத்தர அறிவுள்ள எந்தப் பையனும் பெண்ணும் இதைச் செய்ய முடியும் என்று எழுதினார். இதில் தன்னடக்கம் எவ்வளவு என்று தெரியாது. ஆனால் பலன் வந்தது முறையால் என்று அவர் நம்பினார் என்பது நிச்சயம்.

அந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது. மற்றப் பையன்களோடு பழக விடவில்லை. பயம் இருந்த அளவுக்குப் பாசம் இல்லை. 1826இல், இருபது வயதில், எதிலும் மனம் ஒட்டாத கடும் சோர்வு வந்தது. எல்லாவற்றையும் பிரித்து ஆராயவே பழகிய மனம் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று அவரே காரணம் சொல்கிறார். தேறி வரக் கவிதை தேவைப்பட்டது. பிள்ளையை எட்டு டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர், பாடநூல் பிறந்த கதையோடு இதையும் படிப்பது நல்லது.

ஆனால் அப்பாவின் முறையிலிருந்து நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளவும் மகனுக்குத் தெரிந்திருந்தது. 1825 வாக்கில் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் லண்டன் த்ரெட்நீடில் தெருவில், ஜார்ஜ் குரோட் என்பவர் இடத்தில் ஓர் அறையில் கூட ஆரம்பித்தார்கள். வாரம் இரண்டு நாள், காலை எட்டரை முதல் பத்து வரை. பிறகு அவரவர் வேலைக்கு ஓட வேண்டும். முதலில் எடுத்த நூல் ஜேம்ஸ் மில்லுடையதுதான். ஒருவர் ஒரு பகுதியை வாசிப்பார். யாருக்கு எந்தச் சந்தேகம் இருந்தாலும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தீரும்வரை அடுத்த பகுதிக்குப் போவதில்லை. இங்கே திட்ட அப்பா இல்லை. பன்னாட்டு வாணிபத்தில் விலை எப்படி நிர்ணயமாகிறது என்ற மில்லின் புகழ்பெற்ற விளக்கம் இந்தப் பேச்சுகளில் முளைத்ததுதான். 1848இல் வந்த அவருடைய பொருளியல் நூல் பல பத்தாண்டுகள் பாடநூலாக இருந்தது.

மில்லின் அந்த இளமைக்கால நண்பர் வட்டத்தில் ஒருவர் வில்லியம் எல்லிஸ், கடல் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மேலாளர். பொருளியலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர முடியும் என்று இறங்கினார். 1848 முதல் 'பர்க்பெக் பள்ளிகள்' என்ற பெயரில் பள்ளிகள் திறந்தார். சொந்தப் பணம்தான். வகுப்பும் அவரே எடுத்தார். கூலி ஏன் ஏறுகிறது, சேமிப்பு எதற்கு, கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பது போன்ற விஷயங்கள். விரிவுரை கிடையாது. கேள்வி கேட்பார், பிள்ளைகள் பதில் சொல்வார்கள், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி. விஷயம் அரண்மனை வரை எட்டியது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் கேட்டுக்கொண்டதால் அரசியின் பிள்ளைகளுக்கும் எல்லிஸ் சில பாடங்கள் நடத்திவிட்டு வந்தார்.