இதய உள்ளுறைத் தொற்று

இதயத்தின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில், குறிப்பாக வால்வுகளில், கிருமிகள் பற்றிக்கொள்வதால் வரும் நோய் இது. மருத்துவமனைகளில் ‘எண்டோகார்டைட்டிஸ்’ என்பார்கள். காரணம் பெரும்பாலும் பாக்டீரியா, அரிதாகப் பூஞ்சை.

நலமான வால்வில் கிருமி எளிதில் ஒட்டாது. ருமாட்டிக் காய்ச்சலில் தழும்பேறிய வால்வு, பிறவிக் குறை, செயற்கை வால்வு ஆகியவையே அதற்கு வாகான இடங்கள். ரத்தம் சுழித்துப் பாய்ந்து உறை சிராயும் இடத்தில் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் படியும். ஈறு, தோல் வழியே ரத்தத்தில் கலந்த கிருமி அந்தப் படிவுக்குள் புதைந்து பெருகும். வால்வு இதழ்களில் ரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லாததால் வெள்ளணுக்கள் அங்கே போய்ச் சேர்வது கடினம். நோயின் பிடிவாதத்துக்கு இதுவே முதற்காரணம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மட்டும் முரடு: நலமான வால்வையும் சில நாட்களில் அரித்துவிடக்கூடியது.

வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளால் வரும் நோயோ வாரக்கணக்கில் மெல்லப் பரவும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, இதயத்தில் புதிதாகக் கேட்கும் முணுமுணுப்பு ஒலி ஆகியவை அறிகுறிகள். படிவின் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நகங்களின் அடியில் சிராய் போன்ற ரத்தக் கோடுகளும், விரல் நுனிகளில் வலிக்கும் முடிச்சுகளும் சிலரிடம் தென்படும். முடிச்சுகளுக்கு மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் பெயர். 1885-இல் இந்நோய் பற்றி அவர் லண்டனில் ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை.

நோயைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது என்பதற்கு இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் சான்று. 1911 தொடக்கத்தில் நியூயார்க்கில் எடுத்த அவரது ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. நோய் இன்னதென்று தெரிந்தும் கொடுக்க மருந்தில்லை. அதே ஆண்டு மே 18 அன்று, 50 வயதில், வியன்னாவில் இறந்தார். 1940-களில் பென்சிலின் வந்த பிறகே நிலைமை மாறியது.

ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘பிளட் கல்ச்சர்’ சோதனையும், இதயத்தை ஒலியலைகளால் படமெடுக்கும் எக்கோவும் இன்றும் நோயறிதலின் இரு தூண்கள். உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ இன்னும் துல்லியமானது. நோயை உறுதிசெய்ய 1994-இல் வந்த டியூக் அளவுகோல்கள் 2023-இல் திருத்தப்பட்டன. ரத்தம் எடுக்குமுன்பே மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை விழுங்கினால் கிருமி சோதனையில் வளராமல் போகலாம். காய்ச்சல் தணிந்தாலும் வால்வு அரிபட்டுக்கொண்டே இருக்கும். இப்படி முன்கூட்டியே மருந்தை விழுங்குவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது.

சிகிச்சை பொதுவாக 4 முதல் 6 வாரம் நரம்பு ஊசி வழி ஆன்டிபயாட்டிக். வால்வு சிதைந்தாலோ சீழ்க்கட்டி உண்டானாலோ அறுவை சிகிச்சை. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இந்நோய் வந்தவர்கள் போன்றோருக்குப் பல் பிடுங்குமுன் ஒரு வேளை அமாக்சிசிலின் தருவார்கள். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் இந்தப் பட்டியலைச் சுருக்கியது. பல் மருத்துவரிடம் போவதைவிட அன்றாடம் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்தான் கிருமிகள் அடிக்கடி ரத்தத்தில் கலக்கின்றன என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.