குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?



என் பழைய மாணவி ஒருவர் இப்போது சிதம்பரம் பக்கம் வரலாற்று ஆசிரியை. பிள்ளைகளை ஆரோவில்லுக்கு, குதிரை தாண்டும் போட்டி பார்க்க அழைத்துப்போக அனுமதி கேட்டிருக்கிறார். "குதிரைக்கும் நம்ம பாடத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? அது பணக்காரங்க விளையாட்டாச்சே" என்று பதில் வந்ததாம். "சார், நீங்க நாலு வரி எழுதித் தாங்க, காட்டுறேன்" என்றார். நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை. கடலூரிலிருந்து என்னோடு அதே போட்டிக்கு வந்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள். அன்று மைதானத்தில் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டு. மைதானத்தில் வண்ணக் கோல்களை அடுக்கித் தடைகள் வைத்திருப்பார்கள். வரிசைப்படி அத்தனையையும் தாண்ட வேண்டும். ஒரு கோல் விழுந்தால் 4 தண்டப் புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் 4. குறைந்த புள்ளி வாங்கியவருக்கே வெற்றி என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஒரே குஷி! ஒலிம்பிக்கில் தடையின் உயரம் 1.60 மீட்டரை எட்டும். இங்கிலாந்தில் பொது நிலங்களுக்கு வேலி போட்ட காலத்தில், வேட்டைக்குப் போனவர்கள் வேலி தாண்டப் பழகியதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இதில் இறங்கியவர்கள் ராணுவ அதிகாரிகள். 1956 முதல் ஒலிம்பிக்கில் பெண்களும் ஆண்களோடு ஒரே போட்டியில் தாண்டுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு ஃபவாத் மிர்சா, தாண்டுதலும் ஒரு பகுதியாக உள்ள குதிரையேற்றப் போட்டியில் 23ஆம் இடம் பெற்றார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

குதிரை இந்த மண்ணில் பிறந்து பெருகிய பிராணி அல்ல. நம் கடற்கரையின் வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. அது கப்பலில் வந்தது. சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்ற வணிகர்கள் வருகிறார்கள்.

மாணிக்கவாசகர் கதை சிதம்பரத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பாண்டியனின் அமைச்சர் கஜானாப் பணத்தோடு குதிரை வாங்கப் புறப்பட்டார். பணம் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குப் போயிற்று. நரிகள் பரிகளாயின. நிறைவில் அவர் தில்லையில் இறைவனோடு கலந்தார். பக்தியோடு படிக்கிற கதைதான். வரலாற்று மாணவர் அதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடலோரத்துக்குப் போய்க் குதிரை வாங்குவது ஓர் அமைச்சரே நேரில் போகிற அளவுக்குப் பெரிய அரசாங்கச் செலவு. கேட்டவர்கள் யாரும் அதைப் புதுமையாக நினைக்கவில்லை.

எவ்வளவு பெரிய செலவு? சிதம்பரம் கோயிலுக்குப் பொன் வேய்ந்த சடையவர்மன் சுந்தரபாண்டியனின் காலத்துக்குச் சற்றுப் பின், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கடற்கரைக்கு வந்தார். இங்கே ஆண்ட சகோதர அரசர்கள் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். காரணமும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரியவில்லை. சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்களை வணிகர்கள் வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் கறாரான கணக்குத் தருகிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் கடலில் இறந்தாலும் விலை உண்டு என்பது ஒப்பந்தம். இந்தப் பொன் எங்கிருந்து வந்தது? நெல் விளைவித்தவன் கட்டிய வரியிலிருந்து. இதுதான் முதல் சம்பந்தம்.

இரண்டாவது, போர். கடலூரிலிருந்து ஆரோவில் போகும் வழியில் அரியாங்குப்பம் பாலத்தைக் கடப்பீர்கள். கீழே இருப்பது செஞ்சி ஆற்றின் கிளை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜன் வெள்ளத்தில் குதிரையை இறக்கியதாகக் கதை சொல்வது இந்த ஆற்றின் மேற்பகுதியில்தான்.

1781இல் ஹைதர் அலியின் படை சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக வைத்திருந்தது. ஜூன் 18இல் தாக்கிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1இல் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, கடலூர் போகும் வழியில் பெரும் போர். கூட்டிடம் ஏறத்தாழ 8,000 பேர். ஹைதரிடம் அதைப்போலப் பல மடங்கு, அதிலும் பெரிய குதிரைப்படை. ஆனால் ஆங்கிலேயர் கடலோர மணல்மேடுகளைப் பிடித்துக்கொண்டு பீரங்கியால் சுட்டார்கள். கடலிலிருந்து கப்பலும் சுட்டது. குதிரைப்படையால் மேட்டை மீட்க முடியவில்லை. ஜெயித்த கூட்டாலும் ஹைதரைத் துரத்த முடியவில்லை. காரணம் அவரிடம் போதிய குதிரை இல்லை. தோல்வியிலும் வெற்றியிலும் குதிரைதான் கணக்கு. இன்று அந்த வழியே பஸ்ஸில் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்றாவது சம்பந்தம் எனக்கு மிகவும் பிடித்தது. குதிரை வாங்கும் வசதி என்றுமே இல்லாத நம் ஊர் ஜனங்கள், அதை மண்ணில் செய்து அய்யனாருக்குக் கொடுத்தார்கள். அரசன் பொன் கொடுத்து வாங்கிய குதிரை ஓர் ஆண்டு தாங்கவில்லை. குயவர் சூளையில் வெந்த குதிரை தலைமுறைக்கும் ஏரிக்கரையில் நிற்கிறது. ராத்திரியில் சாமி அதில் ஏறி ஊரைக் காவல் சுற்றுகிறது என்று சொல்லித்தான் நம் பாட்டிமார்கள் நம்மைத் தூங்க வைத்தார்கள்.

ஆகவே அம்மா, தாராளமாக அழைத்துப் போங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். போட்டி முடிந்ததும் பிள்ளைகளை லாயத்துக்கும் கூட்டிப்போகக் கேட்டுப் பாருங்கள். என்ன தீனி, எத்தனை முறை தண்ணீர், லாடத்தை எப்போது மாற்றுவது என்று குதிரையைப் பார்த்துக்கொள்பவரிடம் பிள்ளைகளே கேட்கட்டும். தாண்டும் கணத்தில் கோல் குதிரையின் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். மேலே இருப்பவரை நம்பித்தான் அது எழும்புகிறது. அந்த நம்பிக்கை தினமும் தீனி போட்டு, தேய்த்துவிட்டு, பழக்கி வருவது. பாண்டியர்களிடம் பொன் இருந்தது, இந்த அறிவு இல்லை. ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்தன. இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் என்ன வேண்டும்?

மற்றவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் அய்யனார் கோயிலில் மண்குதிரை இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். பல ஊர்களில் சிமென்ட் குதிரை வந்துவிட்டது. பழையது எது, யார் வீட்டுச் சூளையில் வெந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அதையும் எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.