டி.எச். யார்? ஒரு பென்னியும் என் பழைய தப்பும்

மூணு வருஷம் முன்னாடி ஒரு செப்புக் காசைப் பற்றி உருக்கமாக ஒரு குறிப்பு எழுதினேன். படித்தவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதில் நான் சொன்ன கதை தப்பு. எங்கே தப்பினேன், எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

காசு இதுதான். 1797 என்று பொறித்த இங்கிலாந்துப் பென்னி. லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் பழஞ்சாமான் சந்தையில் வாங்கி வந்து கொடுத்தார். ஒரு பக்கம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா. மன்னரின் கன்னத்துக்குக் குறுக்கே டி.எச். என்று இரண்டு ஆங்கில எழுத்து. அரசாங்கம் போட்ட முத்திரை கிடையாது, யாரோ ஒருத்தர் சொந்தமாக அடித்தது.

இந்தப் பென்னிக்கு ‘வண்டிச் சக்கரம்’ என்று பட்டப்பெயர். பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரம் வைத்து அச்சடித்தது. அகலமான விளிம்பு, அதில் உள்வாங்கிய எழுத்து, ஒரு அவுன்ஸ் செம்பு. அதாவது சுமார் 28 கிராம். நம்ம பத்து ரூபாய்க் காசு கிட்டத்தட்ட நாலு சேர்ந்த எடை. சட்டைப்பை கிழிகிற கனம்தான். ஆனால் எழுத்து வெட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல பலகை கிடைக்காது.

அப்படி வெட்டியவர்களில் முக்கியமானவர்கள் கைதிகள். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. திரும்பி வருவது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம். கப்பலேறும் முன் சிலர் ஒரு பென்னியைத் தேய்த்து வழவழப்பாக்கி, பெயர், தேதி, இரண்டு வரி வாசகம் எழுதி, மனைவிக்கோ அம்மாவுக்கோ விட்டுப்போனார்கள். கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இப்படி 300க்கும் மேற்பட்ட காசுகள் இருக்கின்றன.

இதைப் படித்த ஜோரில் நான் என்ன செய்தேன்? டி.எச். ஒரு கைதி என்று முடிவுகட்டினேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு அழுத ஒரு பெண்ணையும் நானே உண்டாக்கினேன். குறிப்பு நன்றாகத்தான் ஓடியது. பாராட்டுகூட வந்தது.

போன மாசம் அந்த அருங்காட்சியகக் காசுகளின் படங்களைப் பெரிதாக்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் காசுகளில் மன்னர் முகத்தையே தேய்த்து எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். எழுத்தும் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தியதாகவோ, உளியால் செதுக்கியதாகவோ இருக்கிறது. என் காசில் மன்னர் முகத்தை யாரும் தேய்க்கவில்லை. எழுத்துகள் எழுத்தச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தவை. சுற்றிலும் செம்பு லேசாக மேலே பிதுங்கியிருக்கிறது. காசைத் திருப்பினால், அதே இடத்துக்குப் பின்னால் பிரிட்டானியா அடிபட்டுத் தட்டையாகியிருக்கிறாள்.

இதெல்லாம் மூணு வருஷமாக என் மேஜையில்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை, ஏன்னா பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. கதை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

சரி, அப்போ யார் அடித்தது? அந்தக் காலத்து இங்கிலாந்தில் தச்சர்கள் தங்கள் இழைப்புளியின் தலையில் சொந்தப் பெயரை அச்சால் அடித்து வைப்பார்கள், கருவி காணாமல் போகாமல் இருக்க. அப்படி ஒரு எழுத்தச்சு கையில் இருந்தால், சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கிடைத்த காசில் ஒரு அடி அடித்துப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. டி.எச். தச்சராக இருக்கலாம், கொல்லராக இருக்கலாம், வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் அலுத்துப்போன பையனாகவும் இருக்கலாம்.

காலத்தையாவது சொல்ல முடியுமா? இங்கேதான் புதிதாகச் சேர்க்கிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். காசில் 1797 என்று இருப்பதால் எழுத்தும் 1797 ஆகாது. ‘1797க்கு முன்னால் இல்லை’ என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். என் காசில் மன்னரின் தலைமுடி மழுங்கிப்போயிருக்கிறது, டி.எச். கூர்மையாக இருக்கிறது. அப்படியானால் காசு ரொம்ப காலம் கைமாறித் தேய்ந்த பிறகே எழுத்து விழுந்திருக்கிறது. 1860இல் சின்ன வெண்கலப் பென்னி வந்து இந்தக் கனமான செம்பை ஓரங்கட்டியது. டி.எச். அதற்கும் பிறகு அடித்திருந்தால்கூட நான் மறுக்க முடியாது.

தனியார் அடித்த எழுத்து எல்லாமே இப்படிப் புதிர் இல்லை. ஸ்காட்லாந்தின் லனார்க் பஞ்சாலை, சில்லறை வெள்ளிக்குப் பஞ்சம் வந்த காலத்தில், ஸ்பானிய வெள்ளி டாலரில் தன் பெயரையும் ஐந்து ஷில்லிங் என்ற மதிப்பையும் அடித்துப் புழங்கவிட்டது. லாய்ட் என்ற பதிப்பாளர் தன் வாரப் பத்திரிகை விளம்பரத்தையே பென்னிகளில் அடித்தார். எரிச்சலான பாராளுமன்றம் 1853இல் காசில் பெயரோ வார்த்தையோ அடிப்பதைக் குற்றமாக்கியது. பியர்ஸ் சோப்புக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அன்று பென்னியோடு பென்னியாகப் புழங்கிய பிரெஞ்சு பத்து சென்டிம் காசுகளை இறக்குமதி செய்து, அதில் பியர்ஸ் என்று அடித்தார்கள். சட்டம் சொன்னது நாட்டுக் காசைத்தானே!

அதே சட்டத்தை வேண்டுமென்றே மீறியவர்கள் பெண்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1903ஆம் வருடப் பென்னி ஒன்று இருக்கிறது. ஏழாம் எட்வர்ட் மன்னரின் முகத்தின் மேலேயே, ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்ற வாசகத்தை ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறார்கள். பென்னி மலிவான காசு என்பதால் வங்கிகள் அதைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பெற மெனக்கெடாது. கை மாறிக்கொண்டே இருக்கும். அடித்த பெண் யாரென்று தெரியாது, ஆனால் என்ன கேட்டாள் என்று தெளிவாகத் தெரிகிறது. டி.எச். விஷயத்தில் அதுகூட இல்லை.

நம்மூரிலும் இப்படி ஒரு கேள்வி உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. யார் வெட்டினார்கள், தங்கத்தைச் சோதிக்கவா, புழக்கத்திலிருந்து நீக்கவா, வேறு எதற்காவதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டியவன் மனசு தெரியவில்லை.

இந்த மாதிரிக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் மூணே விஷயம். ஒண்ணு, விற்கிறவர் சொல்லும் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீங்க. ரெண்டு, எழுத்தின் பள்ளத்தில் செம்பு பளிச்சென்று சிவப்பாக இருந்தால் நேற்று அடித்ததாக இருக்கலாம், ஜாக்கிரதை. மூணு, புளி போட்டுத் தேய்க்காதீங்க. அந்த அழுக்குதான் சாட்சி.

பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. மேலே ‘இது தவறு’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். காசு இருக்கும் உறையில் ‘நாடு கடத்தப்பட்ட கைதியின் காதல் நினைவு’ என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன். புதுச் சீட்டில் ‘1797 பென்னி. டி.எச். என்று சுத்தியலால் அடித்தது, காசு தேய்ந்த பிறகு. அடித்தவர் தெரியவில்லை’ என்று மட்டும் இருக்கிறது.

எங்காவது ஒரு பழைய இழைப்புளியில் இதே டி.எச்., இதே வடிவ எழுத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்க. சீட்டில் இன்னும் இடம் இருக்கிறது.