யூரியா மூட்டையும் வில்லாபுரத்து போர் தண்ணியும்

டிஸ்கி: நான் விவசாயி இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். தப்பு இருந்தா தாராளமா குட்டுங்க.

வில்லாபுரத்தில் போர் தண்ணியைப் பத்திப் பேச்செடுத்தால் 'ஒரே உப்பு சார்'னுதான் ஆரம்பிப்பாங்க. நைட்ரேட்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிற தண்ணியில் இது அதிகமா இருந்தால், ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிச்சுப் போகும். 1945லேயே அமெரிக்காவில் ஹண்டர் காம்லி என்கிற டாக்டர் இதைக் கிணத்துத் தண்ணியோட முடிச்சுப் போட்டு எழுதிட்டார்.

முன்னெல்லாம் நம்ம பக்கம் கோடையில் கண்மாய் வத்தினதும் வண்டலை வண்டி கட்டி அள்ளி வயலில் அடிப்பாங்க. வயலை விட்டு ஓடின சத்து வயலுக்கே திரும்பி வந்துடும். பசுமைப் புரட்சியோட யூரியா வந்தது. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். பயிர் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டா மாறும். மண்ணால் அதைப் பிடிச்சு வைக்க முடியாது. பாய்ச்சுற தண்ணியோட நேரா கீழே இறங்கிடும்.

சரி, அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 1957ல் உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985ல் அதுக்குப் புது வடிவம். ரெண்டும் பார்த்தது மூட்டைக்குள்ளே சரக்கு ஒழுங்கா இருக்கா, விலை சரியா என்பதைத்தான். 1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிடிச்சது ஆலைக்குழாயையும் சாக்கடைக்குழாயையும். வயலுக்கு ஏது குழாய்? ஆக, மூட்டைக்கு ஒரு சட்டம், குழாய்க்கு ஒரு சட்டம். நடுவில் இருக்கிற வயல் அப்படியே விட்டுப்போச்சு.

இதில் கொடுமை 1992. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டு, யூரியாவை மட்டும் மலிவா விட்டாங்க. விவசாயி எதை அள்ளிப் போடுவார்? நானா இருந்தாலும் யூரியாதான். 2010ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தப்பவும் யூரியாவைத் தொடலை. தொட்டால் ஓட்டு போயிடும்ல :)

ஐரோப்பாவில் 1991லேயே நைட்ரேட்டுக்குன்னு தனி உத்தரவு போட்டாங்க. பாதிப்புள்ள பகுதிகளைக் குறிச்சு, எந்த மாசம் உரம் போடக்கூடாது, ஏக்கர் இரண்டரைக்கு (ஒரு ஹெக்டேர்) வருஷத்துக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் சாணி எரு கூடாதுன்னு கணக்கு. நம்ம ஊர் துண்டு நிலத்தில் இதை அப்படியே கொண்டுவந்தால் அதிகாரிக்கு மாமூல்தான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

நாம பிடிச்ச வழியே வேற. 2015ல் யூரியா மொத்தத்துக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு, கரையுற வேகத்தைக் குறைக்க. 2018ல் 50 கிலோ மூட்டை 45 கிலோ ஆச்சு. விவசாயி கிலோ பார்க்க மாட்டார், மூட்டையைத்தான் எண்ணுவார், தானா பத்து சதவீதம் குறையும்னு கணக்கு. சட்டம் செய்யாததைச் சாக்குப்பை செய்யணுமாம்!

குடிநீரில் நைட்ரேட்டுக்கு நம்ம நாட்டு வரம்பும் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான், எண் ஒத்துப்போனது தற்செயல். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் தமிழ்நாட்டு மாதிரிகளில் 37 சதவீதம் அந்த வரம்பைத் தாண்டியிருக்கு. எல்லாப் பழியும் யூரியா மேல இல்லை, நம்ம வீட்டுக் கக்கூஸ் குழிக்கும் பங்கு உண்டு. வில்லாபுரம் மாதிரி இடத்தில் எது எவ்வளவுன்னு நாக்கில் வச்சுச் சொல்ல முடியாது. போர் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடிச்சு லேபில் கொடுத்துப் பார்க்கணும். கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா முதல்ல அங்கே.