தளர்நடைப் பிராயம்

கைக்குழந்தை எந்த நாளில் கைக்குழந்தையாக இருப்பதை விட்டு நடைபயிலும் பிள்ளையாகிறது என்ற வினாவுக்கு விடை கூறும் பொறுப்பை நம் முன்னோர் எவர் ஒருவரிடமும் முழுமையாக ஒப்படைத்துவிடவில்லை. வைத்தியர் ஒரு கணக்கு வைத்திருந்தார். வீட்டுப் பெரியவர்கள் வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள். புலவர்களோ இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது கணக்கொன்றைக் கண்டார்கள். மூன்றும் ஒரே குழந்தையின்மீது ஒருங்கே செல்லுபடியாயின என்பதும், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதாக எவரும் கருதவில்லை என்பதும் சிந்திக்கத் தக்கவை.

வைத்தியரின் கணக்கு குழந்தையின் வாயைப் பார்த்து எழுந்தது. சுசுருத சங்கிதை பாலப் பிராயத்தை மூன்றாகப் பகுத்து, ஓராண்டு வரையில் பால் மட்டும் உண்பவர், ஈராண்டு வரையில் பாலும் அன்னமும் உண்பவர், அதற்குமேல் அன்னம் உண்பவர் என்று வகை செய்கிறது. இப்பகுப்பு மருந்தின் மாத்திரையை நிர்ணயிக்கவும் பயன்பட்டது. பாலுண்ணும் சிசுவுக்கு விரல் நுனியில் எடுக்குமளவும், இடைப்பட்ட பிராயத்தாருக்கு இலந்தை விதையளவும், அன்னம் உண்போருக்கு இலந்தைப் பழத்தளவும் என அந்த நூல் விதிக்கிறது. மருந்து கொடுப்பவனுக்கு எல்லை திட்டமாக இருந்தாக வேண்டுமாகையால், அவன் அதனை ஆண்டுக் கணக்கில் வைத்தது முறையே.

ஆயினும் வாழ்க்கை அவ்வெல்லைக்குள் அடங்கி நின்றதில்லை என்பதற்குச் சங்க நூல்களே சாட்சி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி வைக்கிறார்: தச்சர் செய்து தந்த சிறு தேரை ஏறி ஊராது கையால் உருட்டித் திரிந்த புதல்வர், அந்தத் தளர்நடையின் வருத்தம் தீரச் செவிலியரைத் தழுவிப் பால் உண்டு படுக்கையில் உறங்கிவிடுகிறார்கள். தேர் உருட்டும் கால்கள் ஒரு பிராயத்தைச் சொல்ல, பால் பருகும் வாய் வேறொரு பிராயத்தைச் சொல்கிறது. அதே புலவர் பட்டினப்பாலையில் சோழநாட்டு வீட்டு முற்றமொன்றைக் காட்டுகையில், குதிரையின்றிப் பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை, உலர்த்திய நெல்லைத் தின்னவந்த கோழியின்மேல் பெண்கள் எறிந்த பொற்குழை மறித்துக் கிடப்பதாகப் பாடுகிறார். இன்றும் நம் தச்சர்கள் செய்யும் நடைவண்டிக்குச் சக்கரம் மூன்றே.

புறநானூற்றின் எழுபத்தேழாம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையைக் கண்டு வியக்கும்போது, பிள்ளைமையின் அடையாளங்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். காலில் கிண்கிணி கழற்றப்பட்டு வீரக்கழல் ஏறியிருக்கிறது, குடுமி களையப்பட்டிருக்கிறது, ஆனால் கழுத்தில் தாலி இன்னும் கழலவில்லை, பாலை விட்டுச் சோறு உண்டதோ இன்றைக்குத்தான். வில்லேந்தித் தேரில் நிற்கும் ஓர் அரசனைக் குறித்து இவ்வாறு சொல்வது புலவரின் மிகையே எனினும், அம்மிகை கேட்போர் நெஞ்சில் தைக்க வேண்டுமானால், கிண்கிணி, தாலி, பால் ஆகியவை ஒவ்வொன்றாகவே நீங்கும் என்பதும் எல்லாம் ஒரே நாளில் நீங்குவதில்லை என்பதும் அக்காலத்தார் யாவரும் அறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் சிறு உருவங்களாகச் செய்து கோத்த ஐம்படைத் தாலியைக் குழந்தைக்குக் காப்பாக அணிவிக்கும் வழக்கமும் பழந்தமிழ்நாட்டில் இருந்தது.

வீட்டுக் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆறாம் மாதத்தை ஒட்டி அன்னப்பிராசனம், ஆண்டு நிறைவு, காது குத்து, ஒற்றைப்படை ஆண்டில் முடியிறக்கம் என்று பஞ்சாங்கம் பார்த்துச் செய்யும் சடங்குகள் ஒருபுறம் இருக்க, பஞ்சாங்கத்துக்குச் சிறிதும் கட்டுப்படாமல் குழந்தையே நாள் குறிக்கும் கொண்டாட்டங்கள் மறுபுறம் இருந்தன. குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம் என்று அடுக்களையில் வாணலி ஏறிற்று. யாழ்ப்பாணத்தில் முதற் பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் சொரிந்து மகிழ்வார்கள். புரோகிதரை வரச்சொல்லி ஆள் அனுப்பும் சடங்குகளைப் போலன்றி, இவற்றுக்குப் பாட்டியின் கண்ணே முகூர்த்தமாயிற்று.

புலவர் கணக்கு பிள்ளைத்தமிழாக வடிவு கொண்டது. குழந்தையைப் பாடுபொருளாக்கும் மரபைத் தொல்காப்பியப் புறத்திணையியலே சுட்டுகிறது. பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாகப் பாவித்துப் படிப்படியாகப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழனைப் பாட்டுடைத் தலைவனாக்கிய நூலே இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களுள் பழமையானது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. அதன்பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் வழி பிரிகிறது. பருவத்துக்குப் பத்தாக நூறு பாடல்கள் அமைவது பெருவழக்கு. பாட்டியல் நூலார் இப்பருவங்களுக்குத் திங்கள் கணக்கும் வகுத்தனர். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரையில் ஒற்றைப்படைத் திங்களில் ஒவ்வொன்றாகக் கொள்வர் ஒரு சாரார். இறுதிப் பருவங்களை மூன்றாம், நான்காம் ஆண்டு வரையில் நீட்டுவர் வேறொரு சாரார்.

இவ்வரிசையில் வாரானை நிற்கும் இடமே நம் வினாவுக்கு விடை. அதற்கு முன்புள்ள பருவங்களில் குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கைகளை ஊன்றித் தலையசைப்பதும், தொட்டிலில் நாவசைப்பதும், கைகொட்டுவதும் ஆகிய அனைத்துக்கும் பெரியவர்களே அதனிடம் செல்கிறார்கள். வாரானையிலோ தாய் ஓரிடத்தில் நின்றுகொண்டு வருக வருக என்று பத்துப் பாடல்களால் இரக்கிறாள். வருவதும் வாராமையும் பிள்ளையின் திருவுளம். அதன்பின் எல்லாமே தலைகீழாகிறது. அம்புலியில் அப்பிள்ளையோடு விளையாட வருமாறு சந்திரனிடம் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் பேச நேர்கிறது. சிற்றில் பருவத்தில், தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழித்துவிட வேண்டாமென்று சிறுமியர் அவனைக் கெஞ்ச நேர்கிறது.

பெரியாழ்வார் திருமொழியில் வரிசை சற்றே வேறு. அம்புலியை அழைக்கும் பதிகம் செங்கீரைக்கும் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆயினும் சப்பாணிக்குப் பின் தளர்நடை, தளர்நடைக்குப் பின் ஓடிவந்து அணைக்குமாறு வேண்டும் அச்சோப் பதிகம், அதற்கும் பின் தாயின் முதுகுப்புறமாக வந்து தழுவிக்கொள்ளும் புறம்புல்கல் என்ற ஒழுங்கு அங்கும் மாறவில்லை. அழைத்தால் வந்த பிள்ளை, அழையாமலும் வரத் தொடங்கிவிட்டது.

இம்மரபில் மாதக் கணக்கு எவ்வளவு இரண்டாம்பட்சமானது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அரியணை ஏறிய சோழனையும், மதுரையில் அரசு வீற்றிருக்கும் மீனாட்சியையும், பல நூற்றாண்டுகட்கு முன் வாழ்ந்து மறைந்த சேக்கிழாரையும் முறையே ஒட்டக்கூத்தரும் குமரகுருபரரும் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இதே வரிசையில் தவழவும் நடக்கவும் விட்டார்கள். குமரகுருபரரின் நூல் அரங்கேறியபோது அம்மையே சிறு பெண்ணாக அவைக்குள் நடந்து வந்து அவருக்கு முத்துமாலை அணிவித்தாள் என்ற கர்ணபரம்பரைக் கதையை, முத்தப் பருவத்தோடு சேர்ப்பாரும் உண்டு, வருகை என்றும் வழங்கும் வாரானைப் பருவத்தோடு சேர்ப்பாரும் உண்டு.

இக்காலத்து விஞ்ஞானமும் மாதக் கணக்கைப் பற்றி அதிகப் பிடிவாதம் காட்டவில்லை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆரோக்கியமான குழந்தை தானே நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிடுவனவும் சில உண்டு. இத்தனை விரிந்த இடைவெளியில் அடுத்த வீட்டுக் குழந்தையின் நடையை அளவுகோலாக எடுத்துக்கொண்டு இளந்தாய் ஒருத்தி கலங்குவதற்கு நியாயமில்லை. உரிய காலம் கடந்தும் நடவாத குழந்தையை வைத்தியரிடம் காட்டுவது கடமை. அதற்கு அவருடைய ஆண்டுக் கணக்கு என்றும் வேண்டியதே. கைக்குழந்தைப் பருவம் முடிந்ததா என்று அறிவதற்கோ, சற்று எட்ட நின்று அழைத்துப் பார்த்தால் போதும். வர மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தாலும் முடிந்துவிட்டதென்றே பொருள்.