இலை விடுபட்ட பந்தி

தர்மம் செய்கிறவனுக்கும் மறதி உண்டு. 2000-ஆம் ஆண்டில் உலகத் தலைவர்கள் நியூயார்க்கில் கூடி, 2015-க்குள் வறுமையைப் பாதியாக்குவதாகப் பிரகடனம் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த எட்டு லட்சியங்களில் கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பகையால் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை, நினைவே வந்திராது. பகையைவிட அதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் உரிமைக்கென்று ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதை வகுத்த கூட்டங்களில் அவர்களே உட்கார்ந்து வாதாடினார்கள். நாடுகள் ஒன்றுக்கொன்று செய்யும் உதவி அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது அதன் 32-ஆவது பிரிவு. அந்நியப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினாலும், படிக்கட்டோடு சரிவுப் பாதையும் வேண்டும் அல்லவா?

2015-இல் வகுத்த 17 லட்சியங்களில் கல்வி, வேலை, நகரம் என்று பல இடங்களில் அவர்கள் பெயர் ஏறியது. இலை போட்டாயிற்று, பரிமாறுகிறவன் கை அதுவரை நீள வேண்டுமே!