நெடுஞ்சாலையும் பட்டுவாடாவும்

தையற்காரரிடம் துணி கொடுத்துச் சட்டை தைக்கச் சொல்லுகிறோம். தைத்து முடிந்தபின் கூலியைக் கொடாமல் சட்டையைக் கேட்டால் அவர் கொடுக்கமாட்டார், கொடுக்க வேண்டியதுமில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு இவ்வுரிமையைத் தெளிவாகவே கூறுகிறது. பிறர் ஒப்படைத்த பொருளின்மீது தம் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், கூலி கைக்கு வரும்வரை அப்பொருளைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பற்றுரிமை என்று பெயர். சட்டத்தை எழுதியவர்கள் இரண்டு உதாரணங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று, பட்டை தீட்டுவதற்காகக் கொடுக்கப்பட்ட வைரம். தீட்டியவர் அதை வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, நாம் கூறிய தையற்காரரே. ஆனால் அவர் கூலிக்கு மூன்று மாதத் தவணை தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டவர். அவருக்குச் சட்டையை நிறுத்தி வைக்கும் உரிமை கிடையாது.

சாலை போடுகிறவரின் நிலை இந்த இரண்டாவது தையற்காரரின் நிலையைக் காட்டிலும் இடர்ப்பாடானது. அவர் கடன் தருவதாக வாக்களித்தாலும் வாக்களிக்காவிட்டாலும், போட்ட சாலையைச் சுருட்டி வீட்டிற்கு எடுத்துச் செல்ல முடியாது. மண்ணைக் கொட்டிச் சமன் செய்த கணமே அது சர்க்காரின் நிலத்தோடு நிலமாகிவிடுகிறது. பொதுஜனங்கள் நடமாடும் வழியை ஒரு தனி மனிதருடைய பாக்கிக்காக மறித்து வைக்க எந்த நாட்டுச் சட்டமும் இடங்கொடுப்பதில்லை. அப்படியானால் அவருடைய கூலிக்கு எதுதான் ஈடு? நெடுஞ்சாலைப் பட்டுவாடா விதிகளின் சரித்திரம் முழுவதும் இக்கேள்விக்கு விடை தேடிய சரித்திரமே ஆகும்.

ஒரு நெடுஞ்சாலை எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் நோக்குவோம். சர்க்காரோடு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறவர் ஒருவர். அவர் மண் வேலையை ஒருவரிடமும், சிறு பாலங்களை மற்றொருவரிடமும், தார் வேலையை வேறொருவரிடமும் பிரித்துக் கொடுக்கிறார். இவர்களே துணை ஒப்பந்தக்காரர்கள். பேச்சு வழக்கில் சப் காண்ட்ராக்டர்கள். மண் வேலைக்காரர் தாமே எல்லா இயந்திரங்களையும் வைத்திருப்பதில்லை. மண் தோண்டும் இயந்திரத்தை ஒருவரிடமும், டிப்பர் லாரிகளை இன்னொருவரிடமும் வாடகைக்கு அமர்த்துகிறார். அவர்களுக்கும் கீழே மேஸ்திரியும் அவர் அழைத்து வந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

செலவு கீழ்ப்படியில் நாள்தோறும் நிகழ்கிறது. டீசலுக்குக் காலையிலும் ஆட்களுக்கு வாரக் கடைசியிலும் பணம் வேண்டும். வரவோ மேற்படியிலிருந்து இறங்கி வரவேண்டும். என்ஜினீயர் அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். பில் தயாராக வேண்டும். அது மேலதிகாரிகளின் கைகளைக் கடந்து தேற வேண்டும். முதல் ஒப்பந்தக்காரரின் கணக்கில் தொகை சேர வேண்டும். அதன் பிறகு அவர் மனம் வைக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்திற்குத்தான் நெடுங்காலம் எந்த விதியும் இருக்கவில்லை.

இதை முதலில் உணர்ந்து சட்டம் செய்தவர்களுள் அமெரிக்கர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அந்நாட்டின் தலைநகரான வாஷிங்டனை நிர்மாணிக்கத் தொடங்கிய 1791ஆம் ஆண்டில், மேரிலாந்து மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. வீடு கட்டிய தொழிலாளிக்கும் சாமான் கொடுத்தவருக்கும் அந்தக் கட்டடத்தின்மீதே பற்றுரிமை உண்டு என்று அச்சட்டம் கூறியது. பாக்கி தீராவிடில் கட்டடத்தை விற்றுப் பணம் பெறலாம். பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின. ஆயினும் சர்க்கார் கட்டடத்தையோ சர்க்கார் சாலையையோ ஏலத்திற்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. ஆகவே தனியாருக்கு வேலை செய்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, பொது வேலை செய்தவருக்குக் கிட்டவில்லை.

நூறாண்டுகளுக்குப் பின்னரே இதற்கு மாற்று ஏற்பட்டது. 1894ஆம் ஆண்டின் ஹெர்டு சட்டம், மத்திய சர்க்காரின் பொது வேலைகளை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஜாமீன் பத்திரம் ஒன்று எழுதித் தரவேண்டும் என விதித்தது. நிலத்தைப் பிடிக்க முடியாவிட்டால் ஜாமீன்தாரரைப் பிடிக்கலாம் என்பது கருத்து. கருத்து நல்லதே, அமைப்புத்தான் குறையுடையது. ஒரே ஜாமீன் சர்க்காருக்கும் ஈடு, கூலிக்காரருக்கும் ஈடு. இருவருள் முந்தும் உரிமை சர்க்காருக்கு. வேலை முழுவதும் முடிந்து, கணக்கும் தீர்ந்து, அதற்குமேல் ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே மற்றவர்கள் வழக்குத் தொடரலாம். அதுவரை கடன்காரர் அவர்கள் வாசலில் காத்திருப்பாரா என்பதைச் சட்டம் கவனிக்கவில்லை.

1935ஆம் ஆண்டில் வந்த மில்லர் சட்டம் இக்குறையை நீக்கியது. ஜாமீன் இரண்டாயிற்று; வேலையை முடித்துத் தருவதற்கு ஒன்று, உழைத்தவர்க்கும் சாமான் தந்தவர்க்கும் பணம் தருவதற்கு வேறொன்று. கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் வழக்கிடலாம். வேலை முழுவதும் முடிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஜாமீன் எத்தனை படி கீழே இறங்கும்? இக்கேள்வி 1944ஆம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. நியூஜெர்சி மாநிலத்தில் லிண்டன் என்னும் ஊரருகே சர்க்காருக்காக வீடுகள் கட்டும் வேலையை மக்கெவாய் என்ற ஒப்பந்த நிறுவனம் எடுத்திருந்தது. அது மில்லர் என்னும் கம்பெனியிடம் சாமான்கள் வாங்கியது. (சட்டத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயலே.) மில்லர் கம்பெனி அச்சாமான்களை டாம்கின்ஸ் என்ற மற்றொரு கம்பெனியிடம் வாங்கியிருந்தது. மக்கெவாய் தன் பணத்தை மில்லருக்கு முழுவதும் கொடுத்துவிட்டது. மில்லர் டாம்கின்ஸுக்கு ஏறத்தாழ 12,000 டாலர் பாக்கி வைத்துவிட்டது. டாம்கின்ஸ் ஜாமீனை நோக்கி வந்தது. கோர்ட்டு அதற்கு உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. மில்லர் வெறும் சாமான் வியாபாரியேயன்றி வேலையில் ஒரு பகுதியை ஏற்ற துணை ஒப்பந்தக்காரர் அல்ல. அவருக்குச் சாமான் தந்தவர் மிகத் தொலைவில் நிற்கிறார். அத்தனை தூரத்தில் நிற்கிறவர்களையெல்லாம் முதல் ஒப்பந்தக்காரர் தேடிக் கண்டுபிடித்துப் பாதுகாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். முதல் ஒப்பந்தக்காரரை எண்ணினால் இத்தீர்ப்பு நியாயமாகவே தோன்றும். அவர் ஒரு முறை பணம் கொடுத்தவர். எனினும் சாமான் போய்ச் சேர்ந்தது வீட்டில்தான். வீடு நின்றது சர்க்காரின் நிலத்தில்தான்.

இனி நெடுஞ்சாலைக்கு வருவோம். அமெரிக்காவில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளை மத்திய சர்க்கார் நேரே போடுவதில்லை. 1916ஆம் ஆண்டிலிருந்து அது மாநிலங்களுக்குப் பண உதவி செய்து வருகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்திற்கு நாடளாவிய பெருஞ்சாலைகள் திட்டமிடப்பட்டபோது செலவில் 90 சதவீதத்தை மத்திய சர்க்கார் ஏற்றது. ஆனால் ஒப்பந்தம் செய்தவை மாநிலங்களே. ஆதலால் மில்லர் சட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. மாநிலங்கள் அதைப் போன்ற சட்டங்களைத் தாமே செய்துகொண்டன. அவற்றைச் 'சின்ன மில்லர் சட்டங்கள்' என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம்.

ஜாமீன் என்பது கப்பல் கவிழ்ந்தபின் பிடித்துக்கொள்ளும் கட்டை. கப்பல் கவிழாமலே, பணம் மட்டும் மாதக்கணக்கில் வந்து சேராவிட்டால் அதனால் பயனில்லை. ஆகவே அடுத்த முயற்சி நாட்களை எண்ணுவதாயிற்று. 1982ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட துரிதப் பட்டுவாடாச் சட்டம், மத்திய சர்க்கார் இலாகாக்கள் பொதுவாக 30 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டி தரவேண்டும் என்றது. சர்க்கார் தன்னையே கட்டுப்படுத்திக்கொண்ட சட்டம் இது. ஆனால் சர்க்காரிடமிருந்து விரைந்து வந்த பணம் முதல் ஒப்பந்தக்காரரின் கையோடு நின்றுவிடலாமே! 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த இடத்தில் கை வைத்தது. கட்டுமான வேலைகளில் இடைக்காலப் பட்டுவாடாவைச் சர்க்கார் 14 நாட்களில் செய்ய வேண்டும், அதைப் பெற்ற முதல் ஒப்பந்தக்காரர் 7 நாட்களுக்குள் துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும், இல்லையேல் வட்டி. அவரும் தமக்குக் கீழுள்ளவரோடு இதே நிபந்தனையை எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத ஒருவருடைய வயிற்றைச் சர்க்கார் இவ்வாறு எண்ணிப் பார்த்தது புதுமையே.

மாநில நெடுஞ்சாலை வேலைகளுக்கு 1999ஆம் ஆண்டில் அமெரிக்கப் போக்குவரத்து இலாகா ஒரு விதி வகுத்தது. பின்தங்கிய வகுப்பாரின் சிறு தொழில்களுக்கு வேலையில் பங்கு தேடித்தரும் திட்டத்தின் பகுதியாக அது பிறந்தது; ஆயினும் எல்லாத் துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டது. 2003ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, பணம் பெற்ற 30 நாட்களுக்குள் கீழே கொடுக்க வேண்டும் என்ற எல்லை ஏற்பட்டது.

அவ்விதியில் மிகவும் கருதத்தக்கது பிடித்தத்தைப் பற்றிய பகுதி. ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வேலை முடிந்தபின் தருவது உலகெங்கும் உள்ள வழக்கம். வேலையில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்ய ஒரு பிடி வேண்டும் அல்லவா? ஆனால் சாலை வேலையில் இந்த வழக்கம் ஒரு விசித்திரமான அநீதியை உண்டாக்குகிறது. முதலில் வந்து முதலில் போகிறவர் மண் வேலைக்காரர். அவர் தம் பங்கை முதல் ஆண்டிலேயே முடித்துவிட்டு இயந்திரங்களோடு வேறிடம் சென்றுவிடுவார். அவருக்குப் பின் ஜல்லி, அதன் பின் தார், பிறகு பாலக் கைப்பிடி, இறுதியில் வெள்ளைக் கோடு. கோடு போடுகிறவர் தாமதித்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் மண் கொட்டியவரின் பிடித்தமும் சேர்ந்து தாமதிக்கிறது. மண் கொட்டியவருடைய இலாபம் பெரும்பாலும் அந்தப் பிடித்தத்தின் அளவுதான்! 2003ஆம் ஆண்டு விதி மாநிலங்களுக்கு மூன்று வழிகளைக் காட்டியது. யாரிடமும் பிடித்தம் செய்யாமலிருக்கலாம். அல்லது சர்க்கார் பிடிக்காது, முதல் ஒப்பந்தக்காரர் பிடித்தால் துணை ஒப்பந்தக்காரரின் வேலை முடிந்த 30 நாட்களில் திருப்ப வேண்டும். அல்லது சர்க்கார் பிடிக்கும், ஆனால் வேலையைப் பகுதி பகுதியாக ஏற்றுக்கொண்டு அந்தந்தப் பகுதிக்குரிய பிடித்தத்தை விடுவிக்கும்.

'எனக்கு வந்தால் உனக்குத் தருவேன்' என்னும் நிபந்தனை இன்னொரு முட்டுக்கட்டை. கென்டகி மாநிலத்தில் குதிரைப் பந்தய மைதானம் ஒன்றில் குழாய் வேலை செய்த டையர் என்ற நிறுவனத்திற்கு, மைதானத்தின் சொந்தக்காரர் நொடித்துப்போனதைக் காட்டி முதல் ஒப்பந்தக்காரர் பணம் தர மறுத்தார். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு, அந்த நிபந்தனை பட்டுவாடாவின் காலத்தைக் குறிப்பதேயன்றிக் கடனையே அழிப்பதன்று என்று கூறியது. இங்கிலாந்தோ 1996ஆம் ஆண்டில் இயற்றிய கட்டுமானச் சட்டத்தினால், மேலே இருப்பவர் நொடித்துப்போன சந்தர்ப்பம் ஒன்றைத் தவிர, இத்தகைய நிபந்தனைகளையே செல்லாதவையாக்கியது.

நம் நாட்டில் எவ்வாறு? ஒப்பந்தத்தில் சேராதவர் அதன் பேரில் வழக்கிட முடியாது என்பதை நம் சுப்ரீம் கோர்ட்டு 1969ஆம் ஆண்டில் சாக்கோ வழக்கில் உறுதி செய்தது. ஆகையால் துணை ஒப்பந்தக்காரர் நேரே சர்க்காரைக் கேட்க இயலாது. தொழிலாளிக்கு வழி உண்டாயிற்று. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையின் தலைமை உடையவரே தந்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று வகுத்தது. சிறு தொழில்களுக்கு 1993ஆம் ஆண்டில் தாமதப் பட்டுவாடா வட்டிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், சிறு தொழிலாரிடம் பொருளோ சேவையோ பெற்றவர் 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணை எழுதிக்கொள்ளக் கூடாது என்றும், தவறினால் ரிசர்வ் பாங்கின் வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தரவேண்டும் என்றும் விதித்தது. கடுமையான விதி! ஆனால் பொருளும் உழைப்பும் பிரிக்க முடியாதவாறு கலந்த கட்டுமான வேலை ஒப்பந்தம் இச்சட்டத்தில் அடங்காது என்று பல உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் எழுந்தன. ஜல்லி விற்றவர் உள்ளே. ஜல்லியைச் சாலையாகப் பரப்பிக் கொடுத்தவர் வெளியே.

டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகியவற்றை இணைத்து 5,846 கிலோமீட்டர் நீளமுள்ள தங்க நாற்கரச் சாலை எழுந்தபோதும் நிலைமை இதுவே. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் வேலைகள் நின்ற சமயத்தில், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சில சலுகைகளை அறிவித்தது. செய்த வேலையின் அளவுக்கேற்பப் பிடித்தத்தை விடுவிப்பது ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட துணை ஒப்பந்தக்காரருக்குத் தனிக் கணக்கின் வாயிலாக நேரே பணம் செலுத்துவது மற்றொன்று. நேரே செலுத்த முடியும் என்பதற்கு நோய்க்காலம் சான்றாயிற்று. அங்கீகாரப் பட்டியலில் பெயர் இல்லாத இயந்திரக்காரருக்கு மாத்திரம் அது எட்டவில்லை. லிண்டனில் டாம்கின்ஸ் நின்ற படியில்தான் அவர் நின்றார்.

வெளிமாநிலங்களில் வேலை எடுக்கும் நம்மவர்க்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு செய்தி உண்டு. அதன் 18ஆம் பிரிவின்படி, பாக்கிதாரர் இந்தியாவில் எங்கிருந்தாலும், பணம் பெற வேண்டியவர் தம் தொழில் அமைந்த மாநிலத்தின் வசதி மன்றத்திலேயே முறையிடலாம். சேலத்தில் பதிவு செய்த இயந்திரக்காரர் அஸ்ஸாமில் நின்ற பாக்கிக்காக அஸ்ஸாமுக்கு நடக்க வேண்டியதில்லை. இயந்திரத்தை வாடகைக்கு விடுவதைச் சேவை என்று வாதிக்க இடமிருக்கிறது. ஒரு மைல் சாலையை முழுவதுமாக முடித்துத் தருவதாக ஏற்றால் அந்த வாதம் தளர்ந்துவிடும். ஆகவே வேலை ஆணையில் எழுதப்படும் ஒரு சொல்லிலேயே பெரும் தொகை அடங்கியிருக்கிறது. தொழிலைப் பதிவு செய்வது வேலைக்கு முன்னரா, பின்னரும் செய்யலாமா என்பதில் சுப்ரீம் கோர்ட்டின் அமர்வுகளுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்து, 2025ஆம் ஆண்டில் அக்கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. முதல் லோடு மண் விழுவதற்கு முன்னரே பதிவை முடித்துவிட்டவருக்கு அக்கேள்வியின் விடை எதுவாயினும் கவலையில்லை.